இரவல் மூக்கு

என்ன வேலை என்று கேட்டால் வாசனை செய்கிறேன் என்பேன். காரைக்குடியில் அடுத்த கேள்வி "ஊதுபத்தியா?" என்பதாகத்தான் இருக்கும். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அதில் பொய் இல்லை. ஊதுபத்திக்குச் செய்திருக்கிறேன், சோப்புக்கு, துணி துவைக்கும் தூளுக்கு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு, குழந்தைப் பவுடருக்கு, சில நல்ல காலங்களில் கண்ணாடிப் பாட்டிலில் விற்கிற சென்ட்டுக்கும் செய்திருக்கிறேன். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் சட்டையிலிருந்து நல்ல வாசம் வருகிறதே என்று நீங்கள் எப்போதாவது திரும்பிப் பார்த்திருந்தால், அது என் கைவேலையாக இருக்கலாம். என் பெயர் அதில் எங்கும் இருக்காது. பெட்டியில் பெயர் போட்டுக்கொள்கிறவர்கள் வேறு ஆட்கள்.

பம்பாயில் ஒரு வாசனைக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். ஓய்வு பெற்றதும் நானும் மனைவியும் ஊர்ப்பக்கம் வந்து, காரைக்குடியில் ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். பிள்ளைகள் இல்லை. முன்னறையில் ஒரு தராசு, முந்நூறு சொச்சம் பழுப்புக் குப்பிகள், வாசனை தொட்டு மோந்து பார்க்கக் கீற்றுக் கீற்றாக வெட்டிய காகிதம், ஒரு சின்ன ஏசி. பழைய தொடர்புகளை வைத்து ஏதாவது வேலை வந்துகொண்டே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் காய்ச்சல் என்று படுத்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அதோடு முடிந்தது. பிறகு இந்த வீட்டில் நான் மட்டும்.

தனியாக இருப்பது பழகிவிடும் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்குப் பழகவில்லை. பிடிக்கவும் இல்லை. ஒரு ஆளுக்குச் சமைத்தால் எப்படியும் கொஞ்சம் மிஞ்சுகிறது, அதை யாரும் குறை சொல்வதில்லை. ரசத்தில் உப்பு போட மறந்த நாளில்கூட வீட்டில் சத்தம் இல்லை. இப்படிப்பட்ட அமைதியைத்தான் நிறையப் பேர் காசு கொடுத்துத் தேடிப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் என் வீட்டுக்கு வந்து எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம்.

அப்படி அமைதியைத் தேடி வருகிறவர்களுக்காக நடத்துகிற ஒரு விடுதியிலிருந்துதான் போன வருஷம் அழைப்பு வந்தது. வலையபட்டியில் ஒரு பழைய பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து அறை அறையாகப் பிரித்திருந்தார்கள். நிர்வாகம் செய்கிறவர் முப்பது வயதுக்குள் இருக்கிற ஒரு பெண். அறைக் கதவைத் திறந்ததும் விருந்தாளிக்கு ஒரு வாசனை வர வேண்டும் என்றார்.

"செட்டிநாடு ஃபீல் வரணும் சார். உள்ள வந்த உடனே தெரியணும்."

"எதை மோந்தால் செட்டிநாடு என்று தெரியும் உங்களுக்கு?"

"மல்லிகை, சந்தனம், அப்புறம் ஃபில்டர் காபி."

மூன்றும் சென்னை விமான நிலையத்தில் கிடைக்கும் என்று சொல்ல நினைத்தேன்.  என் மனைவி இருந்திருந்தால், வேலை தருகிறவர்களிடம் வாயைக் கட்டுங்கள் என்று பின்னால் நின்று கண்ணைக் காட்டியிருப்பாள். இப்போது நானே எனக்குக் கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த வேலையை நான் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் போன பிறகு வந்ததெல்லாம் பழைய வாசனைகளில் ஒட்டுப்போடும் வேலை. இதில் ஒரு பொருள் விலை ஏறிவிட்டது, வேறு போடுங்கள், அதை எலுமிச்சையாக மாற்றிக் கொடுங்கள், இப்படி. புதிதாக ஒன்றும் செய்யவில்லை. செய்ய முடியுமா என்ற பயம் இருந்தது. இந்த விடுதி வாசனை சரியாக வரவில்லை என்றால் குப்பிகளை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிட்டு முன்னறையைப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பூட்டிவிட்டால் காலை ஒன்பது மணியிலிருந்து இரவு வரை நான் என்ன செய்வேன்? ஆகவே அந்த வேலை எனக்கு விடுதி நடத்துகிறவர்கள் நினைத்ததைவிடப் பெரிய விஷயம்.

அந்த வீட்டை ஒரு மத்தியானம் முழுக்கச் சுற்றிவந்தேன். உண்மையில் அங்கே என்ன வாசம் என்று பார்ப்பதற்கு. சுண்ணாம்புச் சுவர் ஒன்று, வெயிலில் காய்ந்து உள்ளே மட்டும் குளிர்ந்திருப்பது. அதன் பக்கத்தில் மூக்கை வைத்தால் தண்ணீர் தெளித்த மண்ணுக்குத் தம்பி மாதிரி ஒரு வாசம். சுருட்டி வைத்த கோரைப்பாய். தேக்குக் கதவு, அதில் பல தலைமுறை எண்ணெய்க் கை. மாடியில் வௌவால், அதை விட்டுவிடலாம். திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வழியில் ஒரு அரிசி ஆலைப் பக்கமிருந்து காற்று அடித்தது. நெல் அவிக்கிற வாசம். சுண்ணாம்புச் சுவர், கோரைப்பாய், அவித்த நெல்லின் ஆவி, இந்த மூன்றும் போதும் என்று அங்கேயே உட்கார்ந்து தீர்மானித்தேன். ரொம்ப நாள் கழித்து சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்ல முடியாமல் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

இப்போது வாசனை கேட்டு வருகிறவர்களுக்கு என் மாதிரி ஆட்கள் ஒத்துவருவதில்லை. அவர்கள் முதலில் கேட்பது எத்தனை மணி நேரம் நிற்கும். அடுத்து, எத்தனை அடி தூரம் போகும். நன்றாக இருக்குமா என்று கேட்பதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. போன தையில் இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சாம்பார் வாளி என் இலைக்கு முன்னால் வந்து நின்றது, சாம்பார் வாசத்தைக் காணோம். எனக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்த பையன்கள் கழுத்தில் போட்டிருந்தது, பெரிய வெளிநாட்டு பாட்டில் ஒன்றின் நகலின் நகல். நல்ல பெருங்காயத்தை அவர்கள் ஊதித் தள்ளிவிட்டார்கள். வாசனை போட்டுக்கொள்வது பக்கத்தில் வருகிறவருக்கு ஒரு மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்கள் தெருமுனையில் நிற்கிறவரையும் விடுவதாக இல்லை.

கம்ப்யூட்டர் கூட இப்போது வாசனை எழுதுகிறது. கேட்டால் நிமிஷத்தில் நாற்பது சூத்திரம் தரும். ஒன்றிலும் பிழை இருக்காது. அதை நூறு பேரிடம் கொடுத்து, ஒருவரும் முகம் சுளிக்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். ஒருவரும் முகம் சுளிக்காததை ஒருவரும் தேடி வரவும் மாட்டார்கள் என்று நான் கூட்டங்களில் கத்தியிருக்கிறேன். யாரோ ஒரு ஆளின் பிடிவாதம் இல்லாமல் நல்ல வாசனை பிறக்காது, ரசனை என்பது ஒரு ஆளுடைய சொத்து, அதைப் பங்கு போட முடியாது என்றெல்லாம் மேசையைத் தட்டியிருக்கிறேன். இளையவர்கள் குறித்துக்கொண்டார்கள். எனக்கு இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒன்றரை மாதம் வேலை செய்து மாதிரி பாட்டிலை விடுதிக்கு அனுப்பினேன். நான்காம் நாள் அந்தப் பெண் அழைத்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு ரூம்ல வச்சுப் பார்த்தோம். தலை வலிக்குது சார்."

"எனக்கு ஒன்றும் வலிக்கவில்லையே."

"ஏதோ லாண்டரிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. சுவர், பாய்னு நீங்க சொன்னீங்களே, அது எதுவுமே எங்களுக்குத் தெரியல."

போனை வைத்துவிட்டு ஒரு கீற்றை நனைத்து மோந்தேன். சுண்ணாம்பு இருந்தது. பாய் இருந்தது. அடியில் நெல் ஆவி நூலாக வந்தது. லாண்டரி எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதது எது என்று மட்டும் உடனே தெரிந்துவிட்டது. 

முப்பது வருஷமாக நான் வெளியில் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எனக்கு ஒரு வாசனை தெரியாது.

கஸ்தூரி என்று பழைய நாளில் மானிடமிருந்து எடுத்தார்கள். இப்போது அதற்குப் பதிலாக ஆலையில் செய்கிற பலவகை இருக்கிறது. மஸ்க் என்போம். துவைத்த துணியில், சோப்பில், ஷாம்புவில், எல்லாவற்றிலும் அடியில் அது இருக்கும். மற்ற வாசனைகள் பறந்து போகாமல் பிடித்து வைப்பது அதுதான். அதில் ஒரு குறிப்பிட்ட வகை சிலருடைய மூக்குக்கு எட்டாது. நிறம் தெரியாத கண் மாதிரி. நோய் ஒன்றும் இல்லை, பிறப்பிலேயே அப்படி. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு கூட்டத்தில் ஆளுக்கொரு கீற்று கொடுத்தார்கள். எல்லாரும் கண்ணை மூடி லயித்தார்கள். எனக்குக் காகித வாசம் மட்டும் வந்தது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தக் கீற்றைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கல்யாணமாகி எட்டு மாதம். அவள் மோந்துவிட்டு, "பிள்ளைய குளிப்பாட்டிட்டு வெயில்ல காயப்போட்ட துண்டு மாதிரி இருக்கு. இது ஒங்களுக்குத் தெரியலயா?" என்றாள்.

"தெரியவில்லை."

"நெசமாவா? இம்புட்டு வாசம் அடிக்கிது."

"வெளியில் சொல்லிவிடாதே. வேலை போய்விடும்."

"நான் யார்ட்ட போய்ச் சொல்லப்போறேன், இந்த ஊர்ல எனக்கு யாரத் தெரியும்" என்றாள். மறுநாள் கூட்டத்தில் வெயிலில் காய்ந்த குழந்தைத் துண்டு என்றேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

அதிலிருந்து அப்படியே ஓடிவிட்டது. மஸ்க் சேரும் எந்தச் சூத்திரமானாலும் அளவு மாற்றி நான்கைந்து குப்பி வீட்டுக்கு வரும். அவள் இடது கையைச் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொண்டு நீட்டுவாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வரிசையாகத் தொட்டு வைப்பேன். வலது கையால் குழம்பைக் கிண்டிக்கொண்டே அரை மணிக்கு ஒரு தடவை இடது கையை மோந்து பார்த்துச் சொல்வாள். "ரெண்டாவது கூடிப்போச்சு. நாலாவதுல ஒண்ணுமே இல்ல. மூணாவத வச்சுக்கங்க." நான் குறித்துக்கொள்வேன். அவள் படித்தது பத்தாம் வகுப்பு. அந்த மூன்றாவது குப்பிகளில் சில இன்றைக்கும் தேசம் முழுக்க விற்பனையில் இருக்கின்றன.

ஒரு தடவை பெரிய அதிகாரி ஒருவர் எல்லார் முன்னாலும், என் வேலையின் அழகே மஸ்க்கில் நான் காட்டும் அடக்கம்தான் என்றார். வீட்டில் வந்து சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சிரித்தாள். "அடக்கம் எனக்குல்ல இருக்கு. நீக ஒங்க பாட்டுக்கு ஊத்திருவீக" என்றாள். நானும் சிரித்தேன். அது உண்மை என்று அப்போதும் தெரியும். அதன் கனம் தெரியவில்லை.

விடுதி வாசனையில் நான் செய்தது இதுதான். பழைய நோட்டிலிருந்து ஒரு அளவை எடுத்துப் போட்டேன். உடம்புக்குப் போடும் சென்ட்டுக்கு அவள் சொன்ன அளவு அது. மூடிய அறையில் வைக்கிற எண்ணெய்க்கு அது ஆகாது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வாசனை கொஞ்சம் மெலிசாக இருக்கிறதே என்று இரண்டு தடவை கூட்டினேன். எனக்கு மெலிசாகத்தானே இருக்கும். காது கேட்காதவன் ரேடியோவைத் திருகியது மாதிரி திருகியிருக்கிறேன்.

இப்போது எனக்கு ஒரு மூக்கு தேவைப்பட்டது. யாரிடம் கேட்பது? பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வங்கிக்காரர் நல்ல மனிதர், ஆனால் நாற்பது வருஷமாக மூக்குப்பொடி போடுகிறார். அந்த மூக்கில் வழி இல்லை. அவர் மனைவியிடம், உங்கள் கையைக் கொஞ்சம் நீட்டுங்கள், வாசனை பார்க்க வேண்டும் என்று நான் போய் நின்றால் தெரு என்ன சொல்லும்? பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் பழக்கம். அவரிடம் இரண்டு கீற்றைக் கொடுத்தேன். இரண்டும் பிரமாதம் என்றார். அவர் கடையில் உடைந்த நாற்காலியைக்கூடப் பிரமாதம் என்றுதான் சொல்வார். பம்பாய்க்குப் போன் செய்து பழைய சகாக்களைக் கேட்கலாம். கேட்டால் முப்பது வருஷத்துக் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு மனம் வரவில்லை. கையை நீட்ட ஒரு ஆள் இல்லாமல் போவது என்றால் என்ன என்று அந்த வாரம்தான் முழுசாகப் புரிந்தது. சுவரில் இருந்த அவள் படத்துக்கு முன்னால் நின்று, இப்படி விட்டுவிட்டுப் போனாயே என்று கோபமாகவே கேட்டேன்.

வீட்டைப் பெருக்கித் துடைக்க வாரத்தில் மூன்று நாள் ஒரு பெண் வருவார். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வருகிறவர். அதற்கு முன் புதுவயலில் அரிசி ஆலையில் நெல் அவிக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். என்னைவிட இருபது வயது சின்னவர். அதிகம் பேச மாட்டார். அன்று முன்னறையைத் துடைத்துக்கொண்டே அவராகக் கேட்டார்.

"ஐயா, அந்த நெல்லு வாசம் எங்கிட்டிருந்து வருது?"

நான் எழுந்துவிட்டேன். "உனக்கு நெல் தெரிகிறதா?"

"தெரியாமயா? ஊறப்போட்டு ஒரு நா கூடிப்போன நெல்லு. அவிச்சா இப்பிடித்தான் லேசா புளிப்பேறி வரும். மில்லுல இருந்தா மொதலாளி வைவாரு."

நான் செய்த நெல் ஆவியில் ஒரு துளி புளிப்புப் பொருள் கூடுதல் என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே கீற்றை வாங்கினார்.

"இது தவிர வேறு என்ன வருகிறது?"

"வேற என்னமோ ஒண்ணு கம்முன்னு வந்து எல்லாத்தையும் மூடிப்போடுது. நல்ல வாசந்தான். ஆனா ரொம்ப. காயிதத்துல சரியாத் தெரியல, துணியில போட்டுத் தாங்க."

அடுப்படித் துணி ஒன்றைத் துவைத்துக் காயவைத்து நான்காகக் கிழித்தோம். நான் மஸ்க்கின் அளவை நான்கு விதமாக மாற்றிக் கலந்து தொட்டு வைத்தேன். அவர் துணிகளை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். போகும்போது ஒவ்வொன்றாக எடுத்து மோந்தார். கண்ணை மூடவில்லை, புருவத்தை மட்டும் லேசாகச் சுருக்கினார். இப்படி மூன்று வாரம். வேலைக்கு வராத நாளிலும் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்குத் தனியாகக் கொடுக்கிறேன் என்றால், மோந்து பாக்குறதுக்கெல்லாமா காசு என்று சிரித்துவிட்டுப் போனார். அந்த மூன்று வாரமும் எனக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் நான் முதலில் போட்டதில் ஏழில் ஒரு பங்கு மஸ்க் என்று வந்து நின்றது. ஏழில் ஒன்று.  என் ரசனை, என் பிடிவாதம் என்று எத்தனை மேசையைத் தட்டியிருக்கிறேன். என்னிடம் இருந்தது பாதி. மறுபாதி ஒரு குழம்புக் கரண்டியோடு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது. அவள் இருந்தபோது இதை நாலு பேர் முன்னால் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்காது. சொல்லாததற்குப் பயம் ஒரு காரணம் என்றால் பவிசு இன்னொரு காரணம்.

புது மாதிரியை அனுப்பினேன். விடுதிப் பெண் மறுநாளே அழைத்தார். "சார், ஒரு வயசான கெஸ்ட் ரூமுக்குள்ள போனவர், சுவரைத் தொட்டுப் பார்த்துட்டு நின்னார் சார். இதுதான் சார்" என்றார். பதினான்கு அறைக்கும் கேட்டார்கள். முன்னறையைப் பூட்ட வேண்டியதில்லை. அந்தச் செய்தியைச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆளுக்காக வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்ததும் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அவருக்கென்று ஒரு சின்ன பாட்டிலில் மரிக்கொழுந்தும் எலுமிச்சையும் சேர்த்து நான் தனியாக ஒன்று செய்து வைத்திருந்தேன். நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியாது. நீட்டினேன். மூடியைத் திறந்து மோந்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லி, திரும்ப மேசையிலேயே வைத்தார்.

"நீங்களே வச்சுக்கங்கய்யா. வேற யாருக்காச்சும் ஆகும்."

"பிடிக்கவில்லையா?"

"புடிக்காமெல்லாம் இல்ல. எனக்கு எங்க வாசம் போட்டுப் பழக்கம். விசேஷத்துக்குப் போனா அம்மா சேலையக் கட்டிக்கிருவேன், நீங்க குடுத்தது. அதுலயே அம்மா வாசம் கெடக்கு. அது போதும்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நான் நம்பவில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

"நெசமாத்தான்யா. மூணு நாலு தண்ணி போட்டுட்டேன், போகல. பெட்டியத் தொறந்தாலே அம்மா வந்து நிக்கிற மாதிரி இருக்கும். எம்மககூட அந்தச் சேலைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அம்மா அவ மேல அம்புட்டுப் பிரியமா இருந்தாகள்ல."

என் மனைவிக்கென்று நான் ஒரே ஒரு வாசனைதான் செய்தேன். அவள் கேட்டுச் செய்தது. "எல்லாருக்கும் கொறைக்கச் சொல்றேன்ல, எனக்கு மட்டும் அந்தத் துண்டு வாசத்த நிறைய ஊத்துங்க, எனக்கு அது புடிச்சிருக்கு" என்றாள். ஊற்றினேன். எனக்கு அதில் மேலே இருந்த நாரத்தம்பூ மட்டும் தெரியும். அரை மணியில் போய்விடும். உன் வாசனை காபி ஆறுவதற்குள் ஆவியாகிவிடுகிறது என்று கேலி செய்வேன். ஒங்களுக்கு மட்டுந்தான், என்பாள்.

அவள் போய்ப் பதினாறு முடிந்த மறுநாள், வீட்டுப் பெண்கள் அவள் சேலைகளை எடுத்து வைத்தார்கள். வேண்டியதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைச் சொந்தக்காரப் பெண்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு சேலையாக முகத்தில் வைத்து மோந்தேன். நாற்பத்தொரு சேலை. அவசரப்படவில்லை, நடுவில் மூக்கு களைக்காமல் இருக்க என் முழங்கைச் சட்டையை மோந்துவிட்டு, கம்பெனியில் எப்படிச் செய்வேனோ அப்படி முறையாகச் செய்தேன். ஒன்றிலும் அவள் இல்லை. பருத்தி வாசம், பட்டு வாசம், பீரோவின் தகர வாசம். எல்லாம் போய்விட்டது, ஒன்றும் மிச்சமில்லை என்று வெளியே வந்து சொன்னேன். வாசனை விஷயத்தில் என் பேச்சை யாரும் மறுத்ததில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன், வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும் ஒன்று. ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

வேறொரு ஆளாக இருந்திருந்தால், ஒரு கடைக்காரரோ வாத்தியாரோ, தன் மூக்கை இவ்வளவு நம்பியிருக்க மாட்டார். ஒரு சேலையாவது எடுத்து வைத்திருப்பார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "ஐயா, வேணும்னா அந்தச் சேலையக் கொண்டாந்து தரவா? நான் நல்லாத்தான் வச்சிருக்கேன்."

ஆம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அதை வாங்கி என்ன செய்வேன் என்று யோசித்தேன். பீரோவில் வைப்பேன். நாளுக்கு நாலு தடவை திறந்து மோந்து பார்ப்பேன். எனக்கு வெறும் துணிதான் வரும். அவருடைய வீட்டில் ஒரு சின்னப் பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"வேண்டாம்மா. உன்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். "அடிக்கடி துவைக்காதே."